பயிற்சி விமானத்தின் வயதை எதை வைத்துக் கணக்கிடுவது?

"என் தம்பி விமானப்படைப் பயிற்சிக்குப் போகிறான். அவன் ஓட்டப்போகும் விமானம் எங்கள் அப்பா பிறந்த காலத்தது. புதுத் திரையெல்லாம் பொருத்தி நவீனமாக்கிவிட்டோம் என்கிறார்கள். அது போதுமா? இவ்வளவு பழைய விமானத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்க உண்மையிலேயே முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் அந்தப் புதுத் திரையால் முடிகிற காரியம் இல்லை அது. நான் பல ஆண்டுகள் பயிற்சி விமானங்களின் உடற்கட்டுப் பராமரிப்பில் இருந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். விமானம் எந்த ஆண்டு தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது என்பதைப் பராமரிப்பில் இருப்பவர்கள் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த ஒரு விமானம், அந்த வால் எண் கொண்ட விமானம், இதுவரை என்னென்ன பாடு பட்டிருக்கிறது என்பது எழுத்தில் இருக்கிறதா இல்லையா, அதைத்தான் முதலில் பார்ப்போம். கணக்கு சரியாக இருக்கிற 50 வயது விமானத்தில் நான் என் வீட்டுப் பிள்ளையை ஏற்றுவேன். கணக்கு விட்டுப்போன விமானம் 15 வயதுதான் என்றாலும் ஏற்ற மாட்டேன்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், பயிற்சி விமானம் படும் பாடு தனி. பயணிகள் விமானம் மூன்று மணி நேரம் பறந்து ஒரு தடவை இறங்கும், இறக்குகிறவர் பழுத்த அனுபவசாலி. பயிற்சி விமானமோ ஒரே மணி நேரத்தில் ஏழெட்டுத் தடவை ஓடுபாதையைத் தொட்டுத் தொட்டு எழும்பும், அதுவும் இறக்கவே இப்போதுதான் கற்றுக்கொள்ளும் ஒருவர் கையில். தடாலென்று விழும், ஒரு சக்கரத்தில் சாய்ந்து விழும், குதித்து மறுபடி விழும். அடுத்த மணி நேரம் அதே விமானத்தில் இன்னொரு மாணவர் குட்டிக்கரணம் அடிக்கக் கற்றுக்கொள்வார். அப்புறம் அணிவகுத்துப் பறக்கும் பயிற்சி. பக்கத்து விமானத்தோடு ஒட்டி நிற்பதற்காக மாணவர் இஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருப்பார், ஒவ்வொரு தள்ளலுக்கும் இஞ்சின் சூடாகி ஆறும். இஞ்சினுக்குள் சுழலும் தட்டுகளின் ஆயுளை மணிக்கணக்கில் மட்டும் எண்ணினால் போதாது, எத்தனை தடவை வேகம் ஏறி இறங்கியது என்பதையும் எண்ண வேண்டும் என்பது இதனால்தான். ஒரே 1,000 மணி நேரம் பறந்த இரண்டு இஞ்சின்களில் ஒன்று மற்றதைவிட எவ்வளவோ அதிகம் தேய்ந்திருக்கலாம்.

உடற்கட்டுக்கும் இதே கதைதான். ஒரு கம்பியை ஒடிக்க வேண்டுமானால் என்ன செய்வோம்? இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருப்போம், ஒரு கட்டத்தில் பட்டென்று போய்விடும். உலோகச் சோர்வு என்பது அதுதான். இறக்கை ஒவ்வொரு திருப்பத்திலும் மேல்நோக்கி வளைந்து திரும்புகிறது, அடிப்பக்கத் தகடும், இறக்கைக்குள் நீளவாட்டில் ஓடும் முதுகெலும்பான ஸ்பாரும் இழுபடுகின்றன. இதில் பலருக்கும் தெரியாத விஷயம், சேதம் சுமைக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. உலோகத்தில் விழும் அழுத்தம் இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகாது, தோராயமாக எட்டில் ஒரு பங்கு, பதினாறில் ஒரு பங்கு என்ற அளவுக்கு விழுந்துவிடும். அதனால் மிதமாகத் திருப்பிப் பறந்த 100 மணி நேரத்தைவிட, 5 ஜி, 6 ஜி (புவியீர்ப்பைப் போல ஐந்து, ஆறு மடங்கு சுமை) இழுத்துப் பறந்த சில மணி நேரம் இறக்கையை அதிகமாகத் தின்றிருக்கும். எத்தனை தடவை எத்தனை ஜி என்பதை எண்ணி வைக்கும் ஒரு சிறிய கருவி உள்ளே இருக்கும். ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் அதன் எண்ணைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது சலிப்பான வேலை. ஆனால் விமானத்தின் உண்மையான வயது அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இதற்கு மனசை உலுக்கும் உதாரணம் டி-34 மென்டர். 1948-ல் முதலில் பறந்த அமெரிக்க விமானம், இரண்டு பேர் உட்காரும், புதியவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி கொடுக்கச் செய்தது. படையிலிருந்து ஓய்வு பெற்றுத் தனியார் கைக்குப் போன பிறகு, பணம் கட்டி வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு பாவனை வான்சண்டை நடத்த அதைப் பயன்படுத்தினார்கள். 1999 ஏப்ரலில் ஜார்ஜியா மாநிலத்தில் அப்படி ஒரு பறப்பில் வானத்திலேயே இறக்கை பிய்ந்துபோனது. ஸ்பாரைச் சோதிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதற்குப் பிறகும் 2003-லும் 2004-லும் டெக்சாஸில் அதே மாதிரி இன்னும் இரண்டு, அதுவும் விரிசல் விட்ட இடம் முந்தைய விபத்தில் விட்ட இடமாகவே இருக்கவில்லை. விமானத்தை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? எந்த வேலைக்காக ஆயுள் கணக்குப் போட்டார்களோ அந்த வேலையை விட்டு வேறு வேலைக்கு அதைக் கொண்டுபோனார்கள். வேலை மாறியதும் பழைய கணக்கு முழுவதும் பொய்யாகிவிடுகிறது, எந்த இடம் முதலில் விரியும் என்பதும் மாறிவிடுகிறது.

டி-38 டாலன் பயிற்சி ஜெட் விஷயத்தில் இதே பாடத்தை அமெரிக்க விமானப்படை நல்ல விதமாகக் கற்றுக்கொண்டது. 1959-ல் முதல் பறப்பு, 1961-ல் படையில் சேர்ந்தது, 1972 வரை 1,100-க்கும் மேல் செய்தார்கள். ஒலியை மிஞ்சிப் பறக்கும் மெல்லிய இறக்கை. சாதாரணப் பயிற்சியில் நன்றாகத் தாங்கியது. ஆனால் போர் விமானத்துக்குப் போகும் முன் கொடுக்கும் சண்டைப் பயிற்சிக்கு அதை எடுத்தபோது இறக்கையின் ஆயுள் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கரைய ஆரம்பித்தது. வலுவான புது இறக்கைகள் செய்து மாற்றினார்கள். பிற்பாடு பேசர் கிளாசிக் என்ற பெயரில் கட்டம் கட்டமாக விமானத்தைப் பிரித்து, உடலின் நீளவாட்டு உத்திரங்கள், குறுக்குச் சுவர்கள் என்று சோர்ந்துபோன எலும்புகளையே எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார்கள். பிரிட்டனின் ஹாக் பயிற்சி விமானத்திலும் அப்படித்தான், 80 விமானங்களுக்கு நடு உடலும் பின் உடலும் புதிதாகச் செய்து பொருத்தினார்கள். அதாவது 1961 என்று எழுதியிருக்கும் விமானத்தில் 1961-ன் உலோகம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று விசாரித்தால் ஆச்சரியமாக இருக்கும். உங்கள் தம்பியின் விமானத்தைப் பற்றி விசாரிக்கும்போது தயாரித்த ஆண்டைக் கேட்காதீர்கள். இறக்கையும் ஸ்பாரும் எப்போது மாற்றியது என்று கேளுங்கள்.

விரிசலே இல்லாத விமானம் என்று ஒன்று கிடையாது என்பதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் இந்தத் துறை உருப்பட்டது. 1969 டிசம்பரில் எஃப்-111 போர் விமானம் ஒன்றின் இறக்கை கழன்று விழுந்தது. அந்த விமானம் அப்போது சுமார் 100 மணி நேரம்தான் பறந்திருந்தது, புத்தம் புதுசு. இறக்கையின் சுழல் இணைப்பில் தயாரிக்கும்போதே இருந்த குறை யார் கண்ணிலும் படவில்லை. அதுவரை 'இத்தனை மணி நேரம் வரை விரிசல் வராது' என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அமெரிக்க விமானப்படை கணக்கைத் தலைகீழாக்கியது. முக்கியமான ஒவ்வொரு போல்ட் ஓட்டையிலும் 1.27 மில்லிமீட்டர் விரிசல் முதல் நாளே இருக்கிறது என்று வைத்துக்கொள், அது வளர்ந்து உடையும் அளவுக்கு வர எத்தனை மணி நேரம் ஆகும் என்று பார், அதில் பாதி நேரத்துக்குள் ஒரு தடவை திறந்து பார். இரண்டு வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் பாதி. முதல் தடவை கண் தவறினாலும் இரண்டாவது தடவை மாட்டும்.

அந்தத் திறந்து பார்க்கும் வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் பாதுகாப்பு என்று காகிதத்தில் எழுதுவதெல்லாம் கடைசியில் அந்த ஓட்டைக்குள் போய்த்தான் நிற்கிறது. இறக்கையை உடலோடு சேர்க்கும் போல்ட்டைக் கழற்றுவோம். சுமை இறங்காமல் போல்ட் வெளியே வராது, அதனால் இறக்கைக்கு முட்டுக் கொடுத்து, மில்லிமீட்டர் கணக்கில் ஏற்றி இறக்கி, கையால் தள்ளினாலே வழுக்கி வரும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். சுத்தியலால் அடித்து வெளியே எடுத்தால் ஓட்டையின் சுவரில் கீறல் விழும், அந்தக் கீறலே நாளைக்கு விரிசலாகும். ஓட்டையைத் துடைத்து, பேனா மாதிரி இருக்கும் சுழலும் முனையை உள்ளே விட்டு, உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி விரிசலைக் காட்டும் எடி கரண்ட் கருவியின் திரையைப் பார்ப்போம். அதற்கு முன், அதே உலோகத்தில் தெரிந்த அளவில் வெட்டு போட்ட ஒரு மாதிரித் துண்டில் முனையை விட்டு, கோடு எவ்வளவு துள்ளுகிறது என்று சரிபார்த்துக்கொள்வோம். பிறகு நிஜ ஓட்டை. உள்ளே இறங்க இறங்கக் கோடு அமைதியாக ஓடும், ஒரு இடத்தில் துள்ளும். அது கீறலா, பிசிறா, ஓட்டை வட்டம் தப்பியிருக்கிறதா, இல்லை நிஜமாகவே விரிசலா? விரிசலின் துள்ளலுக்கு ஒரு கூர்மை உண்டு, பார்த்துப் பழகின கண்ணுக்குத்தான் பிடிபடும். சந்தேகம் என்றால் இன்னொருவரைக் கூப்பிட்டு, நான் என்ன பார்த்தேன் என்று சொல்லாமல், அவரையே முதலிலிருந்து பார்க்கச் சொல்வோம். விரிசல்தான் என்றால் ஓட்டையை மயிரிழை அளவு பெரிதாக்கி, மறுபடி சோதித்து, விரிசல் முழுக்கப் போய்விட்டதா என்று உறுதி செய்து, கொஞ்சம் தடித்த போல்ட்டைப் போடுவோம். சில இடங்களில் ஓட்டைக்குள் ஒரு உறையை விட்டு அதன் வழியே தடித்த கம்பியை இழுத்து, சுற்றியுள்ள உலோகத்தை அழுத்தி விரிய வைப்பதும் உண்டு. அப்படி இறுகிய உலோகத்தில் புது விரிசல் வளர்வது மிகவும் மெதுவாகும். ஆனால் ஓட்டைக்கும் தகட்டின் விளிம்புக்கும் இடையே இருக்க வேண்டிய தூரத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது. அந்த வரம்பைத் தாண்டியாகிவிட்டது என்றால் ஸ்பாரையே மாற்ற வேண்டும், இல்லை அந்த விமானம் இனிப் பறக்கக் கூடாது. அங்கே நின்று 'இன்னும் ஒரு வருஷம் ஓட்டிப் பார்க்கலாமே' என்று சொல்லும் அதிகாரியும் உண்டு, முடியாது என்று சொல்லும் அதிகாரியும் உண்டு. உங்கள் தம்பிக்கு இரண்டாமவர் கிடைக்க வேண்டும்.

துரு, கம்பிகள், ரப்பர், இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பறக்காமல் நின்றாலும் வயது ஏறும் பாகங்கள் இவை. 1950, 60-களில் வலுவுக்காக விரும்பிப் பயன்படுத்திய சில அலுமினியக் கலவைகள், உதாரணமாக 7079-டி6, ஈரமும் நிலையான அழுத்தமும் சேர்ந்தால் எந்தச் சோர்வும் இல்லாமலேயே பிளந்துவிடும். அப்படிப்பட்ட பாகங்களைக் கண்டுபிடித்து வேறு கலவையில் செய்து மாற்றுவதுதான் ஒரே வழி, பெயின்ட் அடித்து மூடுவது வழி இல்லை. மின்கம்பிகளின் மேலுறை காலப்போக்கில் வெடிக்கும், அசைவில் உரசித் தேயும். பழைய கம்பிக் கட்டுக்குள் புதுக் கருவிக்கான கம்பியை நுழைக்கிறேன் என்று அசைத்தாலே நன்றாக இருந்த பக்கத்துக் கம்பியும் போய்விடும். எரிபொருள் குழாய், ஹைட்ராலிக் சீல் எல்லாவற்றுக்கும் நாள்காட்டி ஆயுள் உண்டு.

சரி, நவீனமாக்குதல். உயிரைக் காக்கிற மாற்றம் எது என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் இஜெக்‌ஷன் சீட். டி-38-ல் முதலில் இருந்த சீட்டில் விமானம் தரையில் நின்றுகொண்டிருக்கும்போது வெளியேற முடியாது, ஓரளவு வேகம் இருந்தால்தான் பாராசூட் விரிய நேரம் கிடைக்கும். புதியவர்கள் பிழை செய்வது எங்கே? ஓடுபாதைக்குப் பக்கத்தில், தாழ்வாக, மெதுவாகப் பறக்கும்போது. சீட் எங்கே வேலை செய்யாதோ அங்கேதான் மாணவருக்கு அது தேவைப்படும். அதை மாற்றி, பூஜ்ய உயரத்திலும் பூஜ்ய வேகத்திலும் வேலை செய்யும் சீட்டைப் பொருத்தியது அந்த விமானத்துக்குச் செய்த மிகப் பெரிய நன்மை என்று நினைக்கிறேன். உடல் எடை குறைந்தவர்களையும் அதிகமானவர்களையும் அது தாங்கும். பழைய சீட்டுகள் ஒரு குறிப்பிட்ட உடல்வாகு கொண்ட ஆண்களை மனதில் வைத்துச் செய்தவை.

ஆனால் சீட்டும் பராமரிப்பை நம்பித்தான் இருக்கிறது. 2011 நவம்பரில் இங்கிலாந்தின் ஸ்காம்ப்டன் தளத்தில் ரெட் ஆரோஸ் வான்சாகசக் குழுவின் ஹாக் ஒன்று தரையில் நின்றுகொண்டிருந்தபோதே சீட் வெடித்துக் கிளம்பியது. பூஜ்ய உயரத்தில் காப்பாற்றக்கூடிய சீட்தான் அது. பாராசூட் விரியவில்லை, விமானி இறந்துவிட்டார். விசாரணையில் தெரிந்தது என்ன தெரியுமா? பாராசூட்டை இழுக்க வேண்டிய இணைப்பில் ஒரு போல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கியிருந்தார்கள், இரண்டு வளையங்கள் ஒன்றை விட்டு ஒன்று கழல முடியாமல் இறுகிப்போயின. சீட் தானாகக் கிளம்பியதற்கும் ஒரு காரணம் இருந்தது. கைப்பிடி அபாயமான நிலைக்கு நகர்ந்திருந்தபோதும் பாதுகாப்பு ஊசி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஊசி இருக்கிறது, ஆகவே பத்திரம் என்று பல பேர் பல தடவை பார்த்தும் நம்பிவிட்டார்கள். இதை நான் புதிதாக வருகிற ஒவ்வொரு டெக்னீஷியனுக்கும் சொல்லியிருக்கிறேன். போல்ட்டைத் தளர விட்டால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும், அதிகமாக இறுக்கினாலும் ஆள் போவார் என்று பலருக்குத் தெரியாது.

சீட்டைக் கிளப்பும் வெடிமருந்துத் தோட்டாக்களும் அப்படித்தான். அவற்றுக்கு அலமாரியில் இருக்கும் ஆயுள் தனி, விமானத்தில் பொருத்திய பிறகான ஆயுள் தனி. 2022 ஜூலையில் தோட்டாக்களின் தயாரிப்பில் குறை இருக்கலாம் என்று தெரிந்ததும் அமெரிக்க விமானப்படை 203 டி-38, 76 டி-6 விமானங்களை நிறுத்தி வைத்துச் சோதித்தது. டி-6 என்பது டெக்சன் II என்ற அடிப்படைப் பயிற்சி விமானம், பழையதே இல்லை. ஆனாலும் பயிற்சி அட்டவணை போனால் போகட்டும் என்று நிறுத்தினார்கள். ஒரு படை தன் பிள்ளைகளை எப்படிப் பார்க்கிறது என்பதை அந்த மாதிரி நாளில்தான் கண்டுகொள்ள முடியும்.

சின்னப் பாகம் ஒன்று எப்படிப் பெரிய விமானத்தைக் கொண்டுபோகும் என்பதற்கு இன்னும் இரண்டு. 2008 மே 1 அன்று டெக்சாஸின் ஷெப்பர்ட் தளத்தில் ஒரு டி-38 விழுந்து இருவர் இறந்தார்கள். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஏலரானை (இறக்கையின் பின்விளிம்பு மடல்) அசைக்கும் அமைப்புக்குள் இருக்கும் ஒரு நெம்புகோல் உடைந்திருந்தது. அந்த விமானத்துக்குப் புதுத் திரை, தலைக்கு நேரே தகவல் காட்டும் கண்ணாடி எல்லாம் பொருத்தியாகியிருந்தது. அடுத்தது, 2022 ஆகஸ்டில் கனடாவின் ஸ்னோபேர்ட்ஸ் வான்சாகசக் குழுவின் டியூட்டர் ஜெட் ஒன்று கிளம்பிய உடனே இஞ்சின் சக்தி போய் விழுந்தது. நல்ல வேளை, விமானிக்கு ஒன்றும் ஆகவில்லை. 1960-களின் விமானம் என்பதால் வயதுதான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆயில் ஃபில்டரைத் தவறாகப் பொருத்தியிருந்ததுதான் காரணம். புது விமானத்திலும் அதே தவறு அதே முடிவைத்தான் தரும். கட்டுப்பாட்டு அமைப்பையோ எண்ணெய்க் குழாயையோ ஒருவர் திறந்து மூடினால், அந்த வேலையில் கையே வைக்காத இன்னொருவர் வந்து தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதி இதற்காகத்தான் இருக்கிறது. ஆள் குறைவு, நேரம் குறைவு என்று முதலில் காற்றில் விடுவதும் இந்த விதியைத்தான், பக்கத்தில் நின்றவரிடமே 'நீயும் ஒரு கையெழுத்துப் போட்டுவிடு' என்று நீட்டுவார்கள்.

ஆக்சிஜன் விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நவீனமாக்கினால் பிரச்சினை போய்விடாது, இடம் மாறும் என்பதற்கு அது சாட்சி. முன்பு ஆக்சிஜனைச் சிலிண்டரிலோ திரவமாகவோ நிரப்பிக்கொண்டு போனார்கள். பிறகு இஞ்சினிலிருந்து எடுத்த காற்றை வடிகட்டிப் பறக்கும்போதே ஆக்சிஜன் தயாரிக்கும் அமைப்பு வந்தது. வசதிதான். ஆனால் டி-45 பயிற்சி ஜெட்களில் விமானிகளுக்குத் தலைசுற்றல், மயக்கம் என்று தொடர்ந்து வந்ததால் 2017 ஏப்ரலில் அமெரிக்கக் கடற்படையின் பயிற்றுநர்கள் பலர் பறக்க மறுத்துவிட்டார்கள். 2018 பிப்ரவரியில் அதே மாதிரிக் காரணத்துக்காக விமானப்படையின் டி-6 விமானங்கள் ஒரு மாதம் வரை நின்றன. ஆக்சிஜன் அளவு நிலையாக இல்லாமல் ஏறி இறங்கியதுதான் முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்து, அந்த அமைப்பின் பராமரிப்பைக் கூட்டினார்கள். அந்தப் பயிற்றுநர்கள் வாயைத் திறந்திராவிட்டால் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று நினைத்தாலே பதறுகிறது.

இப்போது திரைகளுக்கு வருகிறேன். அவற்றை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய முள் கருவிகளுக்குப் பாகம் கிடைப்பதில்லை, பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். பக்கத்தில் வரும் விமானத்தை எச்சரிக்கும் கருவி நெரிசலான பயிற்சி வானத்தில் உயிர் காக்கும். மாணவர் நாளைக்கு ஓட்டப்போகும் போர் விமானத்தின் திரையோடு பழகிக்கொள்வதும் நல்லதுதான். ஆனால் மூன்று கிலோ பெட்டியை மூக்கில் வைத்து எட்டு கிலோ பெட்டியை எடுத்தால் எடை மையம் நகரும், சுழன்று விழும்போது விமானம் மீளும் விதம் மாறலாம். மின்சாரச் சுமை, குளிரூட்டல், ரேடியோவில் இரைச்சல், எல்லாவற்றையும் மறுபடி பறந்து சோதிக்க வேண்டும். அதைவிட முக்கியம், திரை மாற்றும்போது கூடவே ஒரு நல்ல பதிவுக் கருவியை வைக்கிறார்களா என்பது. வேகம், ஜி, உயரம், த்ராட்டில், தரையிறங்கும் அதிர்ச்சி என்று எல்லாவற்றையும் பதிவு செய்தால், நான் முதலில் சொன்ன அந்த வால் எண்ணின் உண்மையான வயது அன்றன்றைக்கே தெரிந்துவிடும். அதிகம் தேய்ந்த விமானத்தை மென்மையான பயிற்சிக்கு மாற்றலாம், குறைவாகத் தேய்ந்ததைக் கடினமான பயிற்சிக்கு எடுக்கலாம். திரைக்குக் கொடுக்கிற பணத்தில் பாதுகாப்புக்கு அதிகம் உழைப்பது இந்தப் பெட்டிதான், விளம்பரப் படத்தில் ஒருபோதும் வராது. சிமுலேட்டரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். இஞ்சின் நின்றால் என்ன செய்வது என்பதை நூறு தடவை தரையில் பழகினால் இறக்கையும் தேயாது, ஆளும் சாகமாட்டார்.

எவ்வளவு பராமரித்தாலும் தேறாத விமானமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இந்தியாவின் ஹெச்.பி.டி-32 தீபக். 1980-களில் அடிப்படைப் பயிற்சிக்கு வந்த ஒற்றை இஞ்சின் விமானம். எரிபொருள் ஒழுங்காகப் போகாமல் வானத்திலேயே இஞ்சின் நின்றுபோகும் நோய் அதற்கு இருந்தது. இஞ்சின் நின்றால் நன்றாக மிதந்து இறங்கும் சுபாவமும் இல்லை, இஜெக்‌ஷன் சீட்டும் கிடையாது. 17 விபத்துகள், 19 விமானிகள் போனார்கள். விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட் பொருத்தும் யோசனைகூட வந்தது. 2009 ஜூலையில் மேடக் அருகே இருவர் இறந்த விபத்துக்குப் பிறகுதான் மொத்தமாக நிறுத்தினார்கள். 2013-ல் பிலாட்டஸ் பி.சி-7 வரும் வரை, அதைவிடப் பழைய கிரண் ஜெட்டில்தான் புதியவர்களுக்கு முதல் பாடம் நடந்தது. கிரண் 1964-ல் முதலில் பறந்தது. வயதில் மூத்தது அதுதான். ஆனாலும் இஜெக்‌ஷன் சீட் இருந்தது, அதன் குணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தேய்மானத்தைப் பராமரிப்பால் சமாளிக்கலாம், பிறவிக் குறையைச் சமாளிக்க முடியாது. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் நேர்மை மேலே இருப்பவர்களிடம் இருக்க வேண்டும். 19 பேர் வரை காத்திருந்திருக்க வேண்டியதில்லை என்பது என் ஆதங்கம்.

'அப்படியானால் புதுசாக வாங்கிவிடலாமே' என்றால், புதுசும் சொன்ன தேதிக்கு வருவதில்லை. டி-38-க்கு மாற்றாக டி-7ஏ ரெட் ஹாக்கை 351 விமானங்கள் வாங்குவதாக 2018-ல் ஒப்பந்தம் போட்டார்கள். தப்பிக்கும் அமைப்பைச் சரிசெய்வது உட்படப் பல காரணங்களால் அது ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. அதுவரை பழைய டி-38-தான் ஓட வேண்டும், அதன் ஜே85 இஞ்சினுக்கோ பாகத் தட்டுப்பாடு. இந்த இடைப்பட்ட காலம்தான் மிகவும் ஆபத்தானது. எப்படியும் கழிக்கப்போகிற விமானம்தானே என்று செலவைக் குறைப்பார்கள், நின்றுபோன ஒரு விமானத்தின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் போடுவார்கள். அப்படி மாற்றும்போது பாகத்தோடு அதன் பதிவு அட்டையும் சேர்ந்து போகாவிட்டால், அந்தப் பாகம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

கடைசியாக, உங்கள் தம்பிக்கு. பறக்கும் முன் கையெழுத்துப் போடக் கொடுக்கும் புத்தகத்தை அவசரமாகப் புரட்டாமல் கடந்த பத்துப் பறப்புகளின் குறைப் பதிவுகளைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரே குறை மூன்று தடவை 'சோதித்தோம், சரியாக இருக்கிறது' என்று எழுதி மூடியிருந்தால் அது இன்னும் சரியாகவில்லை, பயிற்றுநரிடம் கேட்க வேண்டும். சீட்டின் ஊசியைப் பார்க்கும்போது கைப்பிடி எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், அவன் தடாலென்று இறக்கிவிட்டாலோ, வரம்புக்கு மேல் ஜி இழுத்துவிட்டாலோ, மதிப்பெண் குறையுமே என்று மறைக்காமல் இறங்கியதும் எழுதிவிடச் சொல்லுங்கள். நாங்கள் திட்ட மாட்டோம். சக்கரக் கால்களைத் திறந்து, இறக்கை வேரில் விளக்கடித்துப் பார்ப்போம், சில மணி நேரம் ஆகும், அன்றைக்கு அந்த விமானம் மறுபடி பறக்காது. அடுத்த நாள் காலையில் அதில் ஏறப்போவது அவனுடைய வகுப்புத் தோழன்.